கழுத்து நிக்காத பிள்ளையை ஆம்பளை தூக்கலாமா?

“அத்தை ஊர்லேர்ந்து கிளம்பிட்டாங்க டாக்டர், ராத்திரிக்குள்ள வந்துடுவாங்க.”

குறைமாதப் பிள்ளை, எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறி, ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். எதிரில் வாட்டசாட்டமாக நிற்கிற அப்பா, மாமியார் வரட்டும் என்கிறார். இப்படிச் சொன்ன முதல் அப்பா இவர் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சொல்வது கங்காரு பராமரிப்பு: பிள்ளையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துச் சூடு கொடுப்பது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க டாக்டர் எட்கர் ரே ஆரம்பித்து வைத்தது. இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்தோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2021-ல் வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையுள்ள பிள்ளைகளைப் பிறந்த உடனேயே நெஞ்சில் போட்டபோது, முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது. ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். தையல் போட்ட வயிற்றோடு ஒரு பெண் இதைத் தனியாக எப்படிச் செய்வாள்?

இனி அப்பாக்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம். “ஆம்பளை உடம்பு சூடு, பிள்ளைக்கு ஆகாது.” பிள்ளையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துத்தானே பார்க்கிறோம். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும், அப்பாவின் நெஞ்சிலும் அப்படித்தான் இருக்கிறது. “நெஞ்சுமுடி குத்தும்.” குத்தாது. “என் கை முரட்டுக் கை டாக்டர்.” அந்தக் கையால்தானே செல்போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறீர்கள்?

உண்மையான காரணம் வேறு. கதவுக்கு வெளியே மச்சான், சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் நிற்கிறார்கள். சட்டையைக் கழற்றிப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கேலி செய்வார்கள். மருந்துக்கு ஓடலாம், ரத்தத்துக்கு அலையலாம், கடன் வாங்கலாம், அதெல்லாம் ஆம்பளை வேலை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பிள்ளைக்குச் சூடு கொடுப்பது மட்டும் பொம்பளை வேலையாம். ஓடுவதைவிட அப்படி உட்கார்ந்திருப்பதற்குத்தான் அதிகத் திராணி வேண்டும். எங்கள் வார்டு சிஸ்டர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

படித்தவர்களின் பயம் வேறு. “பிள்ளையைத் தூக்கினா டெஸ்டோஸ்டிரோன் குறையுமாமே?” என்று ஒருவர் அந்த ஆண் ஹார்மோனைப் பற்றி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். குறையும் ஐயா. பிலிப்பைன்ஸின் செபுவில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு 2005-லும் 2009-லும் அளந்து பார்த்தார்கள். இடையில் அப்பா ஆனவர்களுக்கு அளவு நன்றாக இறங்கியிருந்தது. பிள்ளையோடு தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிட்டவர்களுக்கு இன்னும் குறைவு. ஆனால் வாட்ஸ்அப்பில் வராத பாதியையும் கேளுங்கள்: தொடக்கத்தில் அந்த ஹார்மோன் அதிகமாக இருந்தவர்கள்தான் பிற்பாடு துணையோடு அப்பா ஆவதற்கு வாய்ப்பு அதிகம். அதாவது இது நோயும் அல்ல, நஷ்டமும் அல்ல. பிள்ளை பிறந்ததும் ஆண் உடம்பு தன்னைத் தானே பதப்படுத்திக்கொள்கிறது. இரக்கமும் மென்மையும் வெளியிலிருந்து ஒட்டவைத்தவை என்றால் உடம்பு எதற்காக இப்படி மாறுகிறது?

சரி, வருகிறவர்களுக்கு: குளித்துவிட்டு, முன்பக்கம் திறக்கிற சட்டையில் வாருங்கள். சென்ட், பவுடர் வேண்டாம். செயின், வாட்ச் கழற்றுங்கள். பீடி, சிகரெட் அறவே கூடாது, “வெளியிலதான் டாக்டர்” என்று ஆரம்பிக்காதீர்கள். சளி, காய்ச்சல், தோலில் சொறி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளைக்கு நாப்கின், தொப்பி, காலுறை போதும். தவளை மாதிரி கால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிள்ளையின் தாடை அதன் நெஞ்சிலேயே இடிக்கக் கூடாது. மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்காருங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். செல்போன் வெளியே.

குற்றம் முழுக்க அப்பாக்கள் மேலும் இல்லை. பல மருத்துவமனைகளில் கங்காரு அறையில் தாய்மார் மார்பைத் திறந்து உட்கார்ந்திருப்பதால் ஆண்களை உள்ளே விடுவதே இல்லை. ஒரு ஸ்கிரீன், ஒரு தனி நாற்காலி போதும். இதை வாசிக்கும் சக மருத்துவர்கள் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

வெளியே நிற்கிற உறவினர்களே, சிரிக்காதீர்கள். காபி வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை இரண்டரைக் கிலோவைத் தொடும் வரை, அல்லது அதுவே நெளிந்து இறங்கப் பார்க்கும் வரை, வீட்டிலும் தொடருங்கள். இன்னொன்று: தூக்கம் போய், காரணமில்லாத எரிச்சலும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது அப்பாக்களுக்கும் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். பரிசோதனைக்கு வரும்போது தாயிடம் மட்டும்தான் நாங்கள் அதைப் பற்றிக் கேட்போம். உங்களுக்கு இருந்தால் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள்.