முனகும் குழந்தைக்கு மூச்சுத் துணை

குறைமாதக் குழந்தை ஒன்று எங்கள் பிரிவுக்கு வந்ததும் நான் முதலில் காதைத்தான் தீட்டிக்கொள்வேன். மூச்சை விடும்போதெல்லாம் ‘ங்ங்... ங்ங்...’ என்று மெல்லிய முனகல் கேட்கிறதா? "அழுகிறான் போல, பசியோ என்னவோ" என்பார்கள் உறவினர்கள். பசி இல்லை. தொண்டையைப் பாதி மூடி, உள்ளே போன காற்றில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் குழந்தை படும் பாடு அது.

நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். குறைமாதத்தில் அது போதுமான அளவு இருக்காது. அதனால் ஒவ்வொரு மூச்சும் புது பலூனை முதல்முறை ஊதுவது போலத்தான். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கும், மூக்கு விடைக்கும், விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கும்.

முனகல் செய்யும் வேலையைக் குழந்தைக்காக வெளியிலிருந்து செய்வதுதான் சிபாப் (CPAP), அதாவது மூச்சுப்பாதையில் விடாமல் லேசான காற்றழுத்தம் கொடுக்கும் முறை. இதில் நல்ல பலன் கிடைப்பதை 1971இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரிகரியின் குழுவினர் வெளியிட்டார்கள். அப்போது பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கித்தான் கொடுத்தார்கள். இப்போது மூக்கில் சிறு குழாய்கள் பொருத்தினாலே போதும். காற்று வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீரில் 5 செ.மீ. ஆழத்தில் வைத்தால், ஏறக்குறைய அந்த 5 செ.மீ. தண்ணீரின் அளவு அழுத்தம் நுரையீரலுக்குள் நிற்கும். இவ்வளவு எளிமையான கருவி!

"வென்டிலேட்டர்ல போட்டுட்டீங்களா டாக்டர்?" என்று தாய்மார்கள் உடைந்துபோய்க் கேட்பார்கள். இல்லைம்மா, மூச்சு விடுவது உங்கள் குழந்தைதான். காற்றுப்பை மூடாமல் இது தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சரி, இதுவே எல்லோருக்கும் போதுமா? போதாது. மூச்சு அடிக்கடி நின்றாலோ ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போனாலோ சர்ஃபாக்டன்ட் மருந்தோ வென்டிலேட்டரோ தேவைப்படும். முனகல் தொடங்கியதுமே சிபாப் வைத்தால் பல குழந்தைகளுக்கு அந்த நிலை வராமலே போகிறது. அதனால்தான் ‘கொஞ்சம் பார்த்துட்டு வைக்கலாம்’ என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை.

கருவியை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. குழாய் மூக்குத்தண்டில் அழுத்தினால் சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து புண்ணாகும். வயிற்றில் சேரும் காற்று வெளியேற வாய்வழியே ஒரு குழாய் திறந்திருக்க வேண்டும். இதையெல்லாம் இரவு முழுக்கப் பார்த்துக்கொள்பவர்கள் செவிலியர்கள்தான்.

ஒருநாள் கங்காரு முறையில் குழந்தையை மார்பில் அணைத்திருந்த ஓர் அம்மா, "சிஸ்டர், அந்த தண்ணிக் குமிழி சத்தம் நின்னுடுச்சு" என்றார். குழந்தையின் வாய் திறந்து காற்று கசிந்திருந்தது. செவிலியர் தாடையை மெல்லத் தாங்கியதும் தண்ணீரில் மறுபடி குமிழிகள் கிளம்பின.