தூரம் சரிதான், வெளிச்சம் எப்படி?

மே மாத நடுவில், இரவு 11 மணிக்கு மேல், காரைக்குடிப் பக்கம் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஏறித் தெற்கே பாருங்கள். அடிவானத்துக்கு மேலே சுமார் 20 பாகை உயரத்தில் இரண்டு பளிச்சென்ற விண்மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை; அங்கே அது அடிவானத்தை உரசிக்கொண்டே போய்விடும். அதற்குச் சற்றுத் தள்ளி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விண்மீன் ஒன்று இருக்கிறது. பெயர் பிராக்சிமா சென்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய விண்மீன் அதுதான், 4.24 ஒளியாண்டு தொலைவு. 2016-ல் அதைச் சுற்றும் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பிராக்சிமா பி.

கண்டுபிடித்ததும் 'இன்னொரு பூமி' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. காரணம், அது இருக்கும் இடம். தண்ணீர் முழுக்கக் கொதித்துப் போகாமலும் உறைந்து போகாமலும் இருக்கக்கூடிய தூரத்தை வாழத்தகு மண்டலம் என்கிறார்கள். பிராக்சிமா மங்கல் விண்மீன். சூரியன் வெளியிடும் ஆற்றலில் ஏறக்குறைய 600-ல் ஒரு பங்குதான் அதனுடையது. ஆனால் பிராக்சிமா பி அதை மிக நெருக்கமாக, 11.2 நாளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் 20-ல் ஒரு பங்குதான் இடைவெளி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பூமிக்குக் கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அதற்குக் கிடைக்கிறது. கணக்கு சரி. ஆனால் அது மொத்த வரவை மட்டும் பார்க்கும் கணக்கு. வருவது எந்த மாதிரி வெளிச்சம் என்று அது கேட்பதே இல்லை.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் நேர் வெயிலில் நிற்பதையும், அதே வீட்டுக்குள் கண்ணாடி ஜன்னல் வழியே விழும் வெயிலில் நிற்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் வெளிச்சம் உண்டு, சூடும் உண்டு. ஆனால் தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதா-பி கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் உள்ளே விடாது. பூமிக்கு அந்தக் கண்ணாடி வேலையைச் செய்வது ஓசோன். அதைவிடக் கொடிய எக்ஸ் கதிர்களும், புற ஊதாவிலேயே ஆற்றல் மிகுந்த வகையான உச்சப் புற ஊதாவும் அவ்வளவு தூரம்கூட வருவதில்லை; தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலேயே காற்று அவற்றை விழுங்கிவிடுகிறது.

விழுங்கினால் சும்மா இருக்குமா? சூடாகும். சூடான மேல் வளிமண்டலம் விரியும், விரிந்தால் லேசான வாயுக்கள் கோளின் ஈர்ப்பிலிருந்து நழுவும். நம் சூரியன் அடங்கிய சுபாவம் உடையது என்பதால் பூமிக்கு இதில் பெரிய சேதமில்லை. பிராக்சிமா பி-யின் கதை வேறு. பூமிக்கு வருவதைப் போலச் சுமார் 30 மடங்கு எக்ஸ் கதிரும் உச்சப் புற ஊதாவும் அதன் மேல் விழுவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நீராவி மேலே போனால் புற ஊதா அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும். ஹைட்ரஜன் தப்பி ஓடிவிடும். போன ஹைட்ரஜனோடு கடலும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனில் ஒரு பகுதி பின்தங்கிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஆக்சிஜன் உயிர் இருப்பதற்கான அடையாளம்போலத் தெரியக்கூடும்.

அப்புறம் சுடர்வெடிப்புகள், அதாவது விண்மீன் திடீரென ஆற்றலைக் கக்கும் வெடிப்புகள். 2019 மே 1 அன்று பிராக்சிமாவில் நடந்த ஒரு வெடிப்பில், சில நொடிகளுக்குள் அதன் புற ஊதா ஒளி 14,000 மடங்கு எகிறியது. இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டும் 2017-ல் சந்திரா, ஹபிள் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளோடு சேர்ந்து இதே விண்மீனைக் கவனித்திருக்கிறது. இத்தனைக்கும் பிராக்சிமா இளமையின் ஆட்டத்தைத் தாண்டி வந்துவிட்டது. பிராக்சிமா போன்ற சிறிய சிவப்பு விண்மீன்கள் இளமையில் இன்னும் பிரகாசமாகவும் இன்னும் மூர்க்கமாகவும் இருக்கும். மிகச் சிறியவை அடங்கிச் சீராக 100 கோடி ஆண்டுகள்கூட ஆகலாம். இன்று பதமான தூரத்தில் இருக்கும் கோள், அந்தக் காலம் முழுக்க வெந்துகொண்டிருந்திருக்கும். என் கணக்கில் வெடிப்புகளைவிடப் பெரிய ஆபத்து இதுதான்.

சரி, புற ஊதா முழுக்க வில்லனா என்றால் அதுவும் இல்லை. உயிரின் மூலக்கூறுகள் எப்படி உருவாகியிருக்கும் என்று ஆராயும் கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் ஜான் சதர்லாண்டின் சோதனைகளில், ஹைட்ரஜன் சயனைடு போன்ற எளிய பொருள்களிலிருந்து மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறான ஆர்என்ஏ-வின் கட்டுமானத் துண்டுகளை நோக்கிப் போக உந்துதல் தருவதே புற ஊதாதான். 200-லிருந்து 280 நானோமீட்டர் வரையுள்ள ஒளி அதற்கு வேண்டும். அமைதியான சிவப்பு விண்மீன் அதைப் போதுமான அளவு தராது. அப்படியானால் வெடிப்புகள்தான் அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். அதே வெடிப்புகள்தான் காற்றையும் அரிக்கின்றன. சிவப்பு வெளிச்சத்தால் ஒரு லாபமும் உண்டு. பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பினாலும் அகச்சிவப்பை நன்றாகவே உறிஞ்சும்; சிவப்பு விண்மீன்கள் பெருமளவு தருவதும் அதைத்தான். அதனால் இந்தக் கோள்கள் முழுக்க உறைந்து போவது கொஞ்சம் கடினம்.

இதெல்லாம் காகிதக் கணக்கு மட்டுமல்ல. சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற சிவப்பு விண்மீனுக்கு ஏழு கோள்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி முதலில் உள்ளே இருக்கும் இரண்டையும் அளந்தது. 2023-ல் முடிவுகள் வந்தன. பி என்ற கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ், சொல்லும்படியான காற்று இருப்பதற்கான தடயம் இல்லை. சி-யிலும் வெள்ளிக் கோளில் இருப்பது போன்ற கனத்த கார்பன் டை ஆக்சைடு போர்வை இல்லை. இவை இரண்டும் வாழத்தகு மண்டலத்தில் இல்லை; அதைவிட விண்மீனுக்கு நெருக்கமாக, அதை ஒட்டிச் சுற்றுபவை. வெளியே இருக்கும் கோள்களின் கதையை இவற்றை வைத்து முடித்துவிட முடியாது.

வீடு பார்க்கச் சொன்னால் நான் சூரியனைவிடச் சற்றுச் சிறிய ஆரஞ்சு விண்மீன்களைத்தான் பார்ப்பேன். சூரியனைவிட நீண்ட ஆயுள், சிவப்பு விண்மீன்களைவிடக் குறைந்த ஆர்ப்பாட்டம். ஆனால் அவற்றின் வாழத்தகு மண்டலக் கோள் ஒரு சுற்று முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அது விண்மீனின் முன்னால் கடக்கும்போது குறையும் வெளிச்சமும் (கோளைக் காட்டிக்கொடுப்பது அதுதான்) சொற்பம். சிவப்பு விண்மீனைச் சுற்றும் கோளோ சில நாளுக்கு ஒருமுறை கடந்து, பெரிய நிழலாகவும் விழுகிறது. வாழத்தகு கோள்களை ஆராயும் தொலைநோக்கி நேரம் பெரும்பாலும் சிவப்பு விண்மீன்களுக்கே போவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சௌகரியம்தான்.