ஸ்டேஷனரி: நிற்பதும் எழுதுவதும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவானாலும் சரி, தாம்பரத்தில் பள்ளிக்கூட வாசல் கடையானாலும் சரி, பெயர்ப்பலகையில் தமிழில் ‘ஸ்டேஷனரி’ என்று எழுதுவதில் யாருக்கும் குழப்பமில்லை. கீழே ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் தகராறு. முடிவில் ‘ஏ-ஆர்-ஒய்’ போடுவதா, ‘ஈ-ஆர்-ஒய்’ போடுவதா?

காதுக்கு இரண்டும் ஒன்றுதான், பொருள் வேறு. ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது. அண்ணா சாலை சிக்னலில் நிற்கிற பஸ்ஸும், ஜிம்மில் எவ்வளவு மிதித்தாலும் நகராத சைக்கிளும் இந்த வகை. ‘ஈ’ போட்டால் தாள், பேனா, கவர், பசை.

வேர் என்னவோ ஒன்றே: ‘நில்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி விற்ற வியாபாரிகள் நிறையப் பேர். பல்கலைக்கழகங்களை ஒட்டி ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டு நூல்கள் விற்றவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். லண்டனில் அவர்கள் 1403இல் சங்கம் அமைத்தார்கள். 1557இல் அதற்கு அரச சாசனமும் கிடைத்தது. காலப்போக்கில் நூல் விற்பனை தனித் தொழிலாகப் பிரிந்துபோக, தாளும் மையும் ஸ்டேஷனரிடமே தங்கிவிட்டன. அவர் விற்ற சரக்குதான் ஸ்டேஷனரி.

எழுத்துக் குழப்பமும் இங்கேயே தீர்கிறது. பேக்கர் - பேக்கரி, கிராசர் - கிராசரி, ஸ்டேஷனர் - ஸ்டேஷனரி. மூன்றும் ‘ஈ-ஆர்-ஒய்’. தெருவுக்குத் தெரு பேக்கரி இருக்கும் சென்னையில் இதை மறப்பது கஷ்டம். இன்னொன்று: பல பலகைகளில் காணும் ‘ஸ்டேஷனரீஸ்’ வேண்டாம். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பன்மை வழக்கில்லை.

தமிழில் ‘எழுதுபொருள்’. ஸ்டேப்ளரும் பஞ்சிங் மெஷினும் எங்கே எழுதுகின்றன என்று கேட்கலாம்தான். ஆனால் சொல் நன்றாக ஊன்றிவிட்டது. தமிழக அரசிலேயே ‘எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை’ இருக்கிறது. கடைக்குப் போய் “எழுதுபொருள் இருக்கா?” என்று யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம், பலகைக்கும் பில்லுக்கும் தாராளமாகப் பொருந்தும்.

ஆனால் இதிலும் ஒரு பிழை நுழைகிறது: ‘எழுதுப்பொருள்’. எழுதிய, எழுதுகின்ற, எழுதும் என முக்காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு, எழுதுகோல் போல. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘ஊறுக்காய்’ என்று எழுதாதவர்கள் இங்கேயும் ‘ப்’ போடத் தேவையில்லை.