பந்தியில் இருப்பவரை எழுப்பாதீர்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அலாஸ்கா எல்லைவரை நீளும் மழைக்காட்டுக்கு கிரேட் பேர் ரெயின்ஃபாரஸ்ட் என்று பெயர். பரப்பளவு 64 லட்சம் ஹெக்டேர். மரங்கள் கடல் விளிம்புவரை வந்து நிற்கும். பெரும்பாலான இடங்களுக்குச் சாலையே கிடையாது. கரடிகளையும் திமிங்கலங்களையும் காணச் சிறு குழுக்களைப் பாய்மரப் படகில் அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக இங்கே பணிபுரிகிறேன். முன்பதிவு செய்யும் முன்பு பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கிட்டத்தில் கூட்டிப் போவீர்கள்?" என்பதுதான்.

அதற்குப் பதில் சொல்லும் முன், அந்த விலங்குகள் இங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சாப்பிடுகின்றன. ஹவாய், மெக்சிகோ கடல்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஹம்பேக் திமிங்கலங்கள் அங்கே அநேகமாகப் பட்டினிதான். கோடையில் இங்கே சேர்க்கும் கொழுப்பே அவற்றைக் காப்பாற்றுகிறது. கரடியின் நிலை இன்னும் நுட்பமானது. பெண் கரடி கோடைத் தொடக்கத்தில் இணைசேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதிவதில்லை, இலையுதிர்காலம்வரை காத்திருக்கிறது. அதற்குள் உடலில் போதிய கொழுப்பு சேராவிட்டால் அந்தக் கரு வளராமலே போகலாம். செப்டம்பரில் சால்மன் ஏறும் ஓடையிலிருந்து பெண் கரடிகளைத் திரும்பத் திரும்ப விரட்டினால், இழப்பு சில மீன்களோடு நிற்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கும் அதே நியாயம்தான்.

பிரின்ஸ் ரூபர்ட் நகருக்கு வடகிழக்கே உள்ள கூட்ஸிமட்டீன், கிரிஸ்லி கரடிகளுக்கென்று 1994இல் கனடா ஒதுக்கிய முதல் சரணாலயம். மே, ஜூன் மாதங்களில், குளிர்கால உறக்கம் கலைந்த கரடிகள் அதன் கழிமுகத்தில் மணிக்கணக்காகக் கோரைப்புல் மேயும். இப்படிப்பட்ட இடங்களில் பெரிய படகை ஆழத்தில் நங்கூரமிட்டுவிட்டு, கடலேற்றத்தின்போது ரப்பர் படகில் மெல்ல உள்ளே போவோம். அங்கே வழிகாட்டியின் கண் கரடியின் வாயில் இருக்க வேண்டும். புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் சீராகக் கேட்டால் நல்லது. மெல்லுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கொட்டாவி விட்டால், வாயோரம் எச்சில் ஒழுகினால், மூச்சைப் புஸ்ஸென்று விட்டால், பின்வாங்க வேண்டும். அந்தக் கொட்டாவியைத்தான் "தூக்கம் வருகிறது பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே படமெடுக்கிறார்கள். பல நேரங்களில் அது பதற்றத்தின் அடையாளம்.

கடலில் சட்டமே தூரத்தைச் சொல்லிவிடுகிறது. திமிங்கலத்துக்குக் குறைந்தது 100 மீட்டர். குட்டியோடு இருந்தாலோ ஓய்வெடுத்தாலோ 200. கொலைத் திமிங்கலம் என்று அழைக்கப்படும் ஓர்காக்களுக்கு எப்போதும் குறைந்தது 200. தெற்குப் பகுதியில் அதைவிட அதிகம். மீன் உண்ணும் ஓர்காக்கள் சினூக் சால்மனை ஒலியால் தேடுகின்றன. எஞ்சின் இரைச்சல் நடுவே அந்தத் தேடல் கடினமாகிவிடுகிறது.

அப்படியானால் பாய்மரப் படகு குற்றமற்றதா? இல்லை. மலைகளுக்கு இடையிலான குறுகிய கடற்கால்களில் காற்றை நம்ப முடியாது; நாங்களும் நிறைய நேரம் எஞ்சினில்தான் ஓடுகிறோம். காற்றிருந்து பாயில் ஓசையின்றிப் போனாலோ வேறு ஆபத்து: படகு வருவது தெரியாமல் திமிங்கலம் அடியிலேயே எழும்பிவிடலாம். அதனால் அருகில் திமிங்கலம் இருப்பது தெரிந்தால் துணை எஞ்சினையோ, ஒலி அனுப்பிக் கடலாழம் அளக்கும் ஆழமானியையோ இயக்கி, நாங்கள் வருவதைத் தெரியப்படுத்துகிறோம். "இயற்கையோடு ஒன்றிய மௌனப் பயணம்" என்று மட்டும் எழுதியிருக்கும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒரு விலங்கின் அருகே எவ்வளவு நேரம் நிற்பீர்கள்? அது விலகிப் போனால் பின்தொடர்வீர்களா? வேறு படகு ஏற்கெனவே நின்றால் என்ன செய்வீர்கள்? கிட்காட், கிடாசூ ஹைஹைஸ், ஹைல்ட்சுக் போன்ற பூர்வகுடிகளின் நிலத்துக்குள் அவர்கள் சம்மதத்தோடுதான் போகிறீர்களா? கடைசிக் கேள்வி மரியாதைக்கானது மட்டுமல்ல. 2016 அக்டோபரில் ஹைல்ட்சுக் மக்களின் ஊரான பெல்லா பெல்லா அருகே ஓர் இழுவைப் படகு தரைதட்டி ஏறத்தாழ 1,10,000 லிட்டர் டீசலைக் கொட்டியபோது, சிப்பி எடுக்கும் கரையை இழந்தவர்கள் அவர்கள்தான். இந்தக் கரையில் ரோந்து சுற்றும் காவலர்களும் இம்மக்களிலிருந்து வருபவர்களே.

வெள்ளை நிற ஸ்பிரிட் கரடியைக் காணும் பேறு வாய்த்தால், எந்த ஓடை என்பதைப் படத்தோடு வெளியிடாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கி வாருங்கள். 100 மீட்டருக்கு அப்பால் இருந்தே கரடி புல் மெல்லுவது தெளிவாகத் தெரியும்.