அமுக்கிய ஸ்பிரிங்கும் கோணாத தண்டும்

காரின் முன்சக்கரத்துக்கு மேலே, ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஒரு சுருள்வில் நிற்கிறது. அந்த முழுத் தொகுதியையும் கழற்றி மேஜைமேல் வைத்த பிறகும் வில் அமுங்கியேதான் இருக்கும். இயல்பான நீளத்துக்குப் போதாத இடத்தில் அதைத் திணித்து, உச்சியில் ஒரே ஒரு நட்டைப் போட்டு அடைத்திருக்கிறார்கள். ஷாக் அப்சார்பரை மாற்ற அந்த நட்டைக் கழற்றியாக வேண்டும். அதற்கு முன் வில்லை வேறொன்று பிடித்து அமுக்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங் கம்ப்ரசரின் வேலை அதுதான்.

மரை வெட்டிய இரண்டு தண்டு, நான்கு கொக்கி, சில நட்டுகள். பார்த்தவுடன் ‘இதை நாமே செய்துவிடலாமே’ என்று கை துறுதுறுக்கும். செய்யலாம். ஆனால் விசை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்யக்கூடாது.

முதலில் வில்லைப் பார்ப்போம். சுருள்வில்லை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதாகத்தான் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் கம்பி தன் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பிழிவதுபோன்ற முறுக்கம் அது. நீண்ட எஃகுக் கம்பியைச் சுருட்டிச் சிறிய இடத்தில் அடக்கிய முறுக்குத்தண்டு என்றே சுருள்வில்லைச் சொல்லலாம். இதனால் அதன் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 14 மில்லிமீட்டர் கம்பி என்றால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு ஏறத்தாழ 1.85 மடங்கு. சிறிய காருக்குப் போதுமான கருவி கனரக வண்டியின் வில்லுக்கு ஏன் போதாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே விடை.

விசை அமுக்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அப்படியானால் சேரும் ஆற்றல் அமுக்கத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் கேட்கும் வில்லை 200 மில்லிமீட்டர் அமுக்கினால் விசை 5,000 நியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ எடை. உள்ளே அடைபட்ட ஆற்றல் 500 ஜூல். இரண்டரைக் கிலோ எடையுள்ள ஒரு பொருளுக்கு அந்த ஆற்றல் முழுவதும் வேகமாகப் போய்ச் சேர்ந்தால் நொடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். இதை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.

அவ்வளவு விசையை ஒரு மனிதக் கை எப்படி அடக்குகிறது? திருகினால்தான். எம்16 தண்டின், அதாவது 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரைத்தண்டின், நட்டை ஒரு முழுச்சுற்று சுற்றினால் அது நகர்வது 2 மில்லிமீட்டர் மட்டுமே. ஸ்பேனரின் முனையோ அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணித்திருக்கும். இந்த இடைவெளியில்தான் நம் கைவலு பெருகுகிறது. நாம் கொடுக்கும் உழைப்பில் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடுகிறது என்பது உண்மைதான். அதே உராய்வுதான் நம்மைக் காக்கவும் செய்கிறது. மரையின் சரிவு ஏறத்தாழ இரண்டரைப் பாகை. உராய்வு தாங்கிப் பிடிக்கக்கூடிய சரிவு அதைவிடப் பல பாகை அதிகம். ஆகவே ஸ்பேனரை எடுத்துவிட்டாலும் நட்டு தானாகப் பின்னோக்கிச் சுழலாது.

இனித்தான் முக்கியமான கணக்கு வருகிறது. 5,000 நியூட்டனை இரண்டு தண்டுகள் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு 2,500. எம்16 தண்டின் பயன்படு பரப்பு 157 சதுர மில்லிமீட்டர். இழுவிசைத் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் இழுவிசை, வெறும் 16 நியூட்டன்; பொறியியல் அலகில் 16 மெகாபாஸ்கல். மட்டமான எஃகுகூட இதைச் சிரமமின்றித் தாங்கும். ஆனால் கொக்கி வில்லின் சுருளைப் பிடிப்பது தண்டின் நடுக்கோட்டில் இல்லை, பக்கவாட்டில். அந்த விலகல் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்டை வளைக்கும் தகைவு 300 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. இழுப்பதால் வருவதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு! எஃகின் வலிமையைச் சொல்லும் தரக்குறி 4.6 என்றுள்ள சாதாரணத் தண்டு 240 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். 8.8 தரம் 640 வரை நிற்கும். தண்டு வளைந்தால் கொக்கி சாயும். சாய்ந்த கொக்கி நழுவும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் வில்லே வாழைக்காய்போல் வளைந்து, கொக்கிகள் சுருளின் சரிவில் வழுக்கி ஒரே பக்கம் சேரப் பார்க்கும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆகவே கனமான வில்லுக்குக் கருவி செய்பவர் தண்டைத் தடிமனாக்குவதற்கு முன் விலகலை ஒழிக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் வில்லுக்கு வெளியே தனியாக இருக்கும் வண்டிகளில் வழி எளிது. வில்லின் நடுவே ஒரே எம்20 தண்டு, மேலும் கீழும் கனத்த தட்டுகள். மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் கேட்கும் வில்லை 200 மில்லிமீட்டர் அமுக்கினால் 16,000 நியூட்டன்; தண்டில் வரும் தகைவு சுமார் 65 மெகாபாஸ்கல்தான். தட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவுக்கு எதிரான வலிமை நான்கு மடங்காகும் என்பதால் அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். ஷாக் அப்சார்பர் நடுவில் இருந்தால், மேலும் கீழும் கனத்த வளையம் வைத்து மூன்று தண்டுகளைச் சம இடைவெளியில் போடுவது இரண்டு கொக்கித் தண்டுகளைவிட எவ்வளவோ மேல்.

வெல்டிங் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். 8.8 தண்டின் வலிமை, அதைச் சூடாக்கித் தணித்துப் பதப்படுத்தியதால் வந்தது. அதன் தலையில் எதையாவது பற்றவைத்தால் அந்த இடத்தில் பதம் கெட்டு, மென்மையாகவோ நொறுங்கும்படியோ மாறிவிடும். நட்டும் கனத்த வாஷரும் போட்டு முடிப்பதே சரி.

நட்டுக்கு அடியில் ஒரு திரஸ்ட் பேரிங், அதாவது அச்சு வழியே வரும் அழுத்தத்தைத் தாங்கிச் சுழலும் பேரிங், வைத்தால் உராய்வில் பெரும்பங்கு குறையும். மரையில் கிரீஸ் தாராளமாக இருக்கட்டும். நட்டை வேகமாகச் சுழற்றும் காற்றுத் துப்பாக்கி (இம்பாக்ட் ரென்ச்) வேண்டாம். அதன் வேகத்தில் மரை சூடேறி, எஃகு எஃகோடு ஒட்டிப் பிய்ந்து வரும். அமுக்கிய வில்லைச் சங்கிலியாலும் சுற்றிக் கட்டுங்கள். அதன் அச்சுக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது.

எம்20 மரையில் ஒரு சுற்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்பதால், 200 மில்லிமீட்டர் அமுக்க 80 சுற்றுகள் ஆகும். தளர்த்தவும் அதே 80 சுற்றுகள்தான். தட்டைக் கையால் தொட்டு ஆட்டினால் தளர்வாக ஆடும் வரை ஸ்பேனரைக் கீழே வைக்காதீர்கள்.