கோதறை: துவக்கின் ‘சேம்பர்’ வெடியறை அல்ல

பழைய பட்டாளத் துவக்கு (துப்பாக்கி) ஒன்றை எடுத்து, பின்னாளில் யாரோ மாற்றியமைத்த அது எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று கண்டுபிடிக்கும் காணொளிகளுக்கு இப்போது அடியில் தமிழ் வரிகள் (சப்டைட்டில்) போடுகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் ‘சேம்பர்’ என்று வருகிற இடமெல்லாம் ‘வெடியறை’. எந்தத் தோட்டாவுக்குக் கடைந்தது என்பதைச் சொல்லும் ‘சேம்பரிங்’ என்றால் ‘துளை அளவு’. ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், .303 என்ற தோட்டாவுக்குச் ‘சேம்பர்’ செய்தது என்பதை ‘.303க்காக அறையப்பட்ட துப்பாக்கி’ என்று எழுதுகிறார். அறையப்பட்டது என்றால் எங்கள் ஆட்களுக்குச் சிலுவை ஞாபகம் வரும், இல்லையென்றால் கன்னம்.

சேம்பர் பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘கமெரா’விலிருந்து வந்தது. வளைந்த கூரையுள்ள அறை என்பது பழைய பொருள். படம் பிடிக்கிற கமெராவும் அதே வேர்தான். துவக்கில் அது குழலின் பின்முனையில், தோட்டா போய் உட்காரக் கடைந்த இடம். ‘காலிபர்’ வேறு. அதை அரபியில் அச்சைக் குறிக்கும் ‘காலிப்’ வரை கொண்டுபோவார்கள். அது குழலின் உள்விட்டம். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

வெடியறைக்கு வருவோம். வெடிக்கிற இடம் என்பதால் வெடியறையாம். இடியன் துவக்கை யோசித்துப் பாருங்கள். இலங்கையின் வடக்கே வன்னிக் காட்டோரக் கிராமங்களில் இடியனை அறியாத பெரியவர் கிடையாது. குழல் வாயால் மருந்தைக் கொட்டி, அடைப்பை இடித்து, ஈயத்தைப் போட்டு, மறுபடி இடித்துத்தான் சுடுவது. அதிலும் குழலின் அடியில்தான் வெடிக்கிறது. வெடிக்கிற இடமெல்லாம் வெடியறை என்றால் இடியனுக்கும் வெடியறை உண்டு. ஆனால் ‘உன்ர இடியன் எந்தத் தோட்டாவுக்கு?’ என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்குத் தோட்டாவே இல்லை. சேம்பர் என்ற பேச்சுக்கு உயிர் கொடுப்பது வெடி அல்ல, கோது, அதாவது தோட்டாவின் வெளி ஓடு. மருந்தையும் ஈயத்தையும் அடக்கிய ஒரு கோது வந்தபிறகுதான் அதற்கு அளவெடுத்துக் கடைந்த இருப்பிடம் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு, வெடியறை என்று கேட்டால் வெடிமருந்து அடுக்கி வைக்கிற களஞ்சியம்தான் முதலில் மனதில் வரும்.

‘துளை அளவு’ இன்னும் மோசம், ஏனென்றால் அது பிழையான தகவல். இதை வன்னியில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஏழு புள்ளி அறுபத்திரண்டு என்ற எண்ணைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஏகே வகையின் கோது 39 மில்லிமீற்றர் நீளம். நேட்டோ நாடுகளின் 7.62 கோது 51 மில்லிமீற்றர். பிகே இயந்திரத் துவக்கின் கோது 54, அடியில் விளிம்பும் உண்டு. மூன்றுக்கும் பெயரில் உள்ள விட்டம் 7.62. ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டுச் சுட முடியாது. வரப்பில் கிடந்த வெற்றுக் கோதைத் தூரத்தில் நின்றே இன்னதென்று சொன்ன பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். அவர்களிடம் போய்ச் ‘சேம்பரிங் என்றால் துளை அளவு’ என்றால் சிரிப்பார்கள்.

மாற்றியமைத்த துவக்கில் இந்தக் குழப்பம் ஆபத்தாகவே முடியும். .303 லீ-என்பீல்ட் துவக்குகள் சிலவற்றை இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை குழலைக் கடைந்து, உள்ளே சுழல் வரிப்பள்ளம் இல்லாத .410 ஆக்கியது. ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் அந்தத் துவக்குகள் பொலிஸாருக்கும் காவலர்களுக்கும் போயின. அதன் தோட்டா .303 கோதைக் கழுத்து ஒடுக்காமல் நேராக விட்டுச் செய்தது. கடையில் விற்கும் .410 வேட்டைத் தோட்டா வேறு சாதி. பின்னால் வந்தவர்கள் பலர் அந்த வேட்டைத் தோட்டா போகும்படி இன்னொரு முறை கடைந்துவிட்டார்கள். ஆக, .410 என்ற விட்டம் தெரிந்தும் எந்தத் தோட்டா என்று தெரியாத துவக்கு உலகத்தில் உண்டு. ‘துளை அளவு தெரியவில்லை’ என்று அதற்கு வரி போட்டால் விசயமே தலைகீழ். துளை அளவு தெரியும், தெரியாதது மற்றது.

அதைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பார்த்தாலே சரியான சொல் கிடைத்துவிடும். குழலில் அடித்திருக்கும் முத்திரையை நம்ப முடியாது. துவக்கு மாறியும் முத்திரை பழையதாகவே கிடக்கும். அதனால் வெறுமையான துவக்கின் குழலைச் சற்று முன்னால் அடைத்துவிட்டு, கொதிநீரின் சூட்டுக்கும் குறைவிலேயே உருகும் பிஸ்மத் கலப்பு உலோகத்தைப் பின்னாலிருந்து ஊற்றுவார்கள். செரோசேஃப் என்று விற்கிறது. ஆறும்போது முதலில் கொஞ்சம் சுருங்கும், அதனால் எடுக்கச் சுலபம். பிறகு மெல்ல விரியும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உள்ளளவுக்குத் திரும்புகிறது, அப்போது அளக்க வேண்டும். விளிம்பு, அடி, தோள், கழுத்து, நீளம் எல்லாவற்றையும் நுண்ணளவியால் எடுத்து, அறியப்பட்ட தோட்டாக்களின் அளவோடு ஒப்பிடுவார்கள். இதில் அளந்தது எதை? வெடியையும் அல்ல, துளையை மட்டும் அல்ல. கோது உட்காரும் இடத்தின் வடிவத்தை.

ஆகவே கோதறை. முட்டைக்கோது, புளியங்கோது என்று நாளாந்தம் சொல்லும் சொல். வெற்று ரவைக் கோது என்று எங்கள் செய்தித்தாள்கள் எழுதிப் பழகியதும்தான். ரவைக்கூடு என்று மக்கசினுக்கு அழகாகப் பெயர் வைத்த ஊருக்குக் கோதறை என்ன பாரம்? சேம்பரிங்குக்குத் தனிச்சொல்லே வேண்டாம். ‘எந்தக் கோதுக்கு’ என்று கேட்டால் முடிந்தது. பெயர்ச்சொல்லாகவே வேண்டும் என்றால் கோதுவகை.

தூய தமிழ் பார்ப்பவர்கள் துவக்கை விட்டுத் துமுக்கி என்று எழுதட்டும், எனக்குச் சண்டை இல்லை. துவக்கும் துப்பாக்கியும் துருக்கியின் ‘துஃபெக்’கோடு சொந்தமானவை, அதனால் ஒருவரும் சுடாமல் இருந்ததில்லை. என் கோபம் சொல்லின் சாதி பற்றியது அல்ல. பொருளை ஒருமுறை கையால் தொட்டுப் பாராமல், அகராதியில் சேம்பருக்கு அறை, எக்ஸ்புளோசனுக்கு வெடி என்று ஒட்டவைக்கிற மொழிபெயர்ப்பாளர்கள் பற்றியது. இவர்களே வாகன இயந்திரத்தின் எரியறைக்கும் வெடியறை என்று போட்டிருக்கிறார்கள்.

தமிழகத்து வாசகர்களுக்குக் கோது என்றால் சக்கை, குற்றம் என்ற பொருள்தான் முன்னே நிற்கும், ‘கோதிலா’ என்று பக்திப் பாடல்களில் வருவது அதுதான். அவர்களுக்குத் தோட்டாவறை பொருந்தும், அதுவும் சரியே. வரி போடுபவர்கள் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ‘இந்தத் துவக்கின் கோதறையை அச்செடுத்து, எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று பார்ப்போம்’ என்று எழுதினால் வன்னி ஒட்டுசுட்டானிலும் விளங்கும், மதுரையிலும் விளங்கும்.