பீர் கொதித்த சுவருக்குள் குடிபோகுமுன்

தென் இங்கிலாந்தில், லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகும் பழைய சாலையில் ஹார்ண்டீன் என்றொரு ஊர். அங்கிருந்த 'ஷிப் அண்ட் பெல்' விடுதியை 1847இல் கேல் குடும்பம் வாங்கியது. அதையொட்டி வளர்ந்த பீர் ஆலை 1869இல் தீக்கிரையானது. திரும்பக் கட்டியபோது செங்கல் கோபுரம் எழுந்தது. 2005இல் ஆலையை ஃபுல்லர்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே அங்கே காய்ச்சுவது நின்றது. இப்போது அந்த வளாகம் குடியிருப்பு. கோபுரத்தை இடிக்காமல் விட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தக் காலத்து பீர் ஆலைகள் கோபுரமாக உயர்ந்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீரையும் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒருமுறை உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும். அரைப்பது, ஊறவைப்பது, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைப்பது, ஆறவைப்பது, நொதிக்கவைப்பது என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு தளம் கீழிறங்கி, பீர் கடைசியில் பீப்பாய்க்கு வந்து சேரும். ஆக, ஒரே கட்டடத்தில் ஒரு தளம் நூறாண்டு நீராவியில் வெந்திருக்கும். இன்னொன்று டன் கணக்கில் தொட்டிகளைச் சுமந்திருக்கும்.

வீடு வாங்குகிறவர்களுக்காகக் கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஆலையாக இருந்து வீடான கட்டடம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். படுக்கையறைச் சுவருக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லையாம். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம்போல் உடைந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், அது கொதிகலன் அறை.

அந்தச் செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடவும் செய்யும். வீடாக மாற்றியவர்கள் அதன்மேல் சிமெண்ட் பூசி வழியை அடைத்துவிட்டார்கள். ஓதம் எங்கே போகும்? இதை அறியாமல் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அதனால் விலை பேசுமுன், நீங்கள் வாங்கும் அறையில் முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். பழைய வரைபடம் கேளுங்கள். ஆலைகளுக்குச் சொந்தக் கிணறு இருப்பது வழக்கம். அதை எப்படி மூடினார்கள் என்பதற்குத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். நீராவிக் குழாய்களைச் சுற்றிய பழைய உறையில், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். பிரித்தானியாவில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999இல்தான். பழமைக்காகச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால், முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிச் செய்த மாற்றத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழக்கூடும். வழக்கறிஞரிடம் இதைத் தனியாகக் கேட்பது நல்லது.

அந்தப் படுக்கையறையில் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தோம். சுவரை உடனே பூசவிடவில்லை. ஒரு கோடை முழுக்கச் சும்மா விட்டு உலர்த்தினோம். பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு.